1996 மாடல் டீசல் மோட்டார் ஹோம்: நான்கு ஆண்டுகள் ஓட்டியும் கழற்றியும் பார்த்தபின்

கலிபோர்னியாவில் வசிக்கும் நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் 1996 மாடல் டீசல் மோட்டார் ஹோம் (தங்கி வாழும் வசதியோடு ஓட்டிச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றை அதன் இரண்டாவது உரிமையாளரிடமிருந்து 19,500 டாலருக்கு வாங்கினோம். நீளம் 36 அடி. எஞ்சின் பின்புறத்தில், படுக்கையறைக் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது: கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு, 230 குதிரைத்திறன். அல்லிசன் ஆறு கியர் தானியங்கி கியர்பாக்ஸ், ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன். வாங்கும்போது 71,000 மைல் ஓடியிருந்தது. அதன்பின் நாங்கள் 23,000 மைல் ஓட்டியிருக்கிறோம். இந்த நான்கு ஆண்டுகளில் உதிரிபாகங்களுக்கும் கருவிகளுக்கும் மேம்பாடுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 14,000 டாலர் செலவாயிற்று. வேலைக்கான கூலி இதில் பெரும்பாலும் சேரவில்லை, ஏனெனில் வேலையாள் நான்தான்.

வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் அதே முறையில் கட்டப்பட்ட வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய வண்டியில் எஞ்சின் பயப்பட வேண்டிய பொருள் அன்று. வண்டியை முதுமையடையச் செய்பவை ரப்பர், பசை, மரப்பலகை ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றையும் தானே பார்த்துக்கொள்ள நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு இது நல்ல வண்டி. ஒவ்வொரு பழுதுக்கும் பணிமனையை நம்புகிறவருக்கு வாங்கிய விலையைப் போல் இரு மடங்கு செலவாகும்.

எஞ்சினைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த 12 வால்வு எஞ்சினில் உள்ள பாஷ் பி7100 இன்ஜெக்ஷன் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்குவது, கணினி கிடையாது. ஸ்டார்ட்டர் சுற்றவும், எரிபொருளை நிறுத்தித் திறக்கும் சொலினாய்டு இயங்கவும் மின்சாரம் கிடைத்தால் போதும், எஞ்சின் ஓடும். 1998ஆம் ஆண்டின் நடுவில் இதற்கு அடுத்ததாக வந்த 24 வால்வு எஞ்சினில் விபி44 என்னும் மின்னணு பம்ப் உள்ளது. டீசலாலேயே குளிர்ந்து, டீசலாலேயே மசகு பெறும் பம்ப் அது. ஆகையால் டாங்கிலிருந்து வரும் டீசலின் அழுத்தம் குறைந்தால் அதன் ஆயுளும் குறைகிறது. 1998க்குப் பிந்தைய வண்டியை வாங்குகிறவர்கள் முதல் வேலையாக எரிபொருள் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திவிடுவது நல்லது. எங்கள் வண்டியில் வால்வு இடைவெளியை மட்டும் ஒருமுறை சரிசெய்தேன், இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, எஞ்சினுக்கு மேல் குந்தியபடி செய்யும் வேலை. ஒரு பகல் முழுவதும் பிடித்தது. அன்று இரவு படுக்கையறையில் டீசல் வாடை போகவில்லை என்று மனைவி கூடத்து சோபாவிலேயே படுத்துக்கொண்டார்.

பணிமனைக் கையேட்டைப் புரட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பின்புற எஞ்சின் வண்டியில் எஞ்சினின் ‘முன்பக்கம்’ வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து நிற்கிறது. ஆகவே கையேடு ‘இடப்பக்கம்’ என்று சொல்வது வண்டியின் வலப்பக்கம். இது புரியும்வரை எரிபொருள் ஃபில்டரை இல்லாத இடத்தில் அரை மணி நேரம் தேடினேன்.

முதல் கோடையில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள கிரேப்வைன் ஏற்றத்தில், 6 சதவீதச் சரிவில், வெப்பமானி 215 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ஃபேன் பெல்ட் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி அவற்றில் எதுவும் இல்லை. இவ்வகை வண்டிகளில் ரேடியேட்டர் பின்னால் இருக்கிறது. எஞ்சினின் ஃபேன் வண்டிக்கு அடியிலிருந்து காற்றை இழுத்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் கூலர் வழியாகவும் அதற்குப் பின்னுள்ள ரேடியேட்டர் வழியாகவும் வெளியே தள்ளுகிறது. ஆகையால் பின்கதவைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் படுவது எப்போதும் சுத்தமான பக்கமே. அழுக்கு சேர்வது எஞ்சினைப் பார்த்த பக்கத்தில். அதற்கும் ஒரு காரணம் உண்டு. எஞ்சினின் உள்ளிருந்து எண்ணெய் ஆவியை வெளியேற்றும் குழாய், ஸ்லாபர் ட்யூப் என்று மெக்கானிக்குகள் சொல்வது, ஃபேனுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதில் சொட்டும் எண்ணெயை ஃபேன் இழுத்துத் தகடுகளின் மேல் பூச, அந்த எண்ணெயில் சாலைப் புழுதி வந்து ஒட்ட, இருபது ஆண்டுகளில் அது கம்பளியைப் போல் ஒரு படலமாகிவிடுகிறது. கட்டில் பலகையைக் கழற்றி, கை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது கூலரின் கீழ்ப்பாதியில் தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்தான் தெரிந்தது.

கழுவுவதிலும் முறை இருக்கிறது. அலுமினியத்தை அரிக்காது என்று புட்டியில் தெளிவாக எழுதியுள்ள கிரீஸ் நீக்கியை மட்டுமே வாங்க வேண்டும். காரம் மிகுந்தவை எண்ணெயோடு சேர்த்து மெல்லிய தகட்டையும் தின்றுவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய்ப் பக்கத்திலிருந்து தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, தோட்டக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் கழுவினேன். அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியை இங்கே எடுக்கவே கூடாது, தகடுகள் மடிந்துவிடும். ஆறு முறை திரும்பத் திரும்பச் செய்தபின்தான் கீழே வழிந்த தண்ணீரின் கருமை வெளுத்தது. பிறகு அந்த எண்ணெய் ஆவிக் குழாயோடு நான்கு அடி ரப்பர் ஹோஸ் ஒன்றை இணைத்து, வழியில் எங்கும் தொங்காமல் கட்டி, ரேடியேட்டருக்குப் பின்னால் போய் முடியும்படி நீட்டினேன். மொத்தச் செலவு 60 டாலருக்குள். அடுத்த முறை அதே ஏற்றத்தில், அதே வெயிலில், வெப்பமானி 198ஐத் தாண்டவில்லை. நான்கு ஆண்டுகளில் செய்த வேலைகளிலெல்லாம் செலவுக்கு மேல் பலன் தந்தது இதுவே.

இரண்டாம் ஆண்டில் வேறொரு தொல்லை தொடங்கியது. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் கிளம்ப நெடுநேரம் எடுத்துக்கொண்டது. கிளம்பியதும் வெள்ளைப் புகையைக் கக்கித் தடுமாறி, இரண்டு நிமிடங்களில் ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடியது. பக்கத்து ஊரிலுள்ள ஒரு பணிமனை கால் மணி நேரம் பார்த்துவிட்டு, இன்ஜெக்ஷன் பம்ப் தேய்ந்துவிட்டது, கழற்றிப் புதுப்பிக்க 4,800 டாலர் ஆகும் என்று எழுதிக் கொடுத்தது. தேய்ந்த பம்ப் இரண்டு நிமிடங்களில் எப்படித் தானாகக் குணமடையும் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டாங்க் வண்டியின் முன்பக்கத்திலும் எஞ்சின் பின்பக்கத்திலும் இருப்பதால் டீசல் ஏறக்குறைய 30 அடி தூரம் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பாதை முழுவதும் அழுத்தத்தில் இல்லை, உறிஞ்சலில் இருக்கிறது. ஆகவே ஹோஸில் மெல்லிய வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும்போது அந்தக் காற்று மேலேற, குழாயில் நின்ற டீசல் டாங்குக்கே திரும்பி வடிந்துவிடுகிறது. இதைச் சோதிக்க, எஞ்சினுக்குச் சற்று முன்னால், டீசலைத் தாங்கக்கூடிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை ஓரடி நீளத்துக்குத் தற்காலிகமாக இணைத்தேன். எஞ்சினை ஓடவிட்டதும் அதற்குள் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகள் வரிசையாக ஓடின. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, மறுநாள் காலை ஒரு கேனில் டீசலை வைத்துப் புது ஹோஸ் வழியாக நேரடியாகக் கொடுத்துப் பார்த்தேன். முதல் சுற்றிலேயே கிளம்பியது. பம்ப் மீது பழியில்லை என்று அப்போது உறுதியாயிற்று.

பழைய ஹோஸை இழுத்து வெளியே எடுத்தபோது, சட்டத்தின் குறுக்குக் கம்பியின்மேல் அது வளைந்த இடத்தில், வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்புகள் ஏழெட்டு இருந்தன. நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் 2006இல் கந்தகம் 15 பிபிஎம்முக்குக் குறைந்த டீசல் வந்தபின் பழைய நைட்ரைல் ரப்பர் சீல் வளையங்கள் சுருங்கிக் கசிவதுண்டு. இந்த வயதுள்ள வண்டியில் ஹோஸை மாற்றுகிறவர்கள் அந்த வளையங்களையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. புது ஹோஸ் வாங்கும்போது அதன்மேல் எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்சுவர் ஃப்ளோரோ ரப்பரால் ஆனதால் பயோடீசல் கலந்த டீசலையும் அது தாங்கும். செலவு 160 டாலர், இரண்டு சனிக்கிழமைகள். அந்த 4,800 டாலர் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது கூரை. எங்கள் வண்டிக் கூரை ஈபிடிஎம் ரப்பர் விரிப்பு; அதற்குக் கீழே மெல்லிய ஒட்டுப்பலகை. ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள அலமாரியின் மூலையை விரலால் அழுத்தியபோது, தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போல் பலகை உள்ளே போயிற்று. கூரை ஓரத்தைத்தான் சந்தேகித்தேன். அங்கே தவறில்லை. வண்டியின் முன்நெற்றியில் இருக்கும் ஐந்து சிறிய ஆரஞ்சு விளக்குகளில் இரண்டின் கேஸ்கெட் நொறுங்கிப்போய், மழைநீர் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே மூன்றடி நடந்து வந்து அலமாரிக்குள் இறங்கியிருக்கிறது. நீர் உள்ளே தெரியும் இடமும் அது நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது என்பதை இந்த வண்டியில் நான்கு முறை கற்றுக்கொண்டேன்.

விளக்குகளைக் கழற்றி, நீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் நாடா வைத்துத் திரும்பப் பொருத்தினேன். கூரைமேல் உள்ள காற்றுத் துளைகள், குழாய் முனைகள், ஏணியின் கால்கள் ஆகியவற்றைச் சுற்றியிருந்த காய்ந்த பூச்சைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, டைகார் நிறுவனத்தின் தானே மட்டமாகப் பரவும் சீலண்டை இட்டேன். 11 குழல்கள் தேவைப்பட்டன. நீளவாக்கில் உள்ள இரண்டு இணைப்புகளுக்கு மட்டும் எடர்னாபாண்ட் நாடா ஒட்டினேன். அது ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான், நகர்த்திச் சரிசெய்ய முடியாது, எனவே முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளர் ஆங்காங்கே சிலிகான் பூசியிருந்தார். அதைச் சுரண்டுவதற்கே இரண்டு நாள் போயிற்று, ஏனெனில் சிலிகான் இருந்த இடத்தில் பிறகு எந்தப் பசையும் ஒட்டுவதில்லை, இன்னொரு சிலிகானும்கூடச் சரியாக ஒட்டுவதில்லை. ஈபிடிஎம் கூரையில் பெட்ரோலிய வகைக் கரைப்பான்களையும் பயன்படுத்தக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். நான் செய்த இந்த வேலை மூன்று மழைக்காலங்களைக் கடந்துவிட்டது. டைகார், எடர்னாபாண்ட் இரண்டையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மின்சாரப் பகுதியில் செய்தது பழுதுபார்ப்பு அன்று, மேம்பாடு. வாங்கும்போது வீட்டுப் பயன்பாட்டுக்கு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் நான்கு இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 கிலோ. நான்கும் சேர்ந்து 440 ஆம்பியர்-மணி என்று கணக்கிருந்தாலும், ஈய பேட்டரி நீடிக்க வேண்டுமானால் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது. அவற்றுக்குப் பதிலாக 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மூன்றை வைத்தேன். எடை மூன்றில் ஒரு பங்கானது. கையில் கிடைக்கும் மின்சாரமோ கூடியது. ஆனால் பேட்டரியை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை எரித்துக்கொள்வார்கள். லித்தியம் பேட்டரியின் உள்மின்தடை மிகக் குறைவு; கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் மணிக்கணக்கில் ஓடிச் சூடேறும். அதனால் இடையில் மின்னோட்டத்தை அளவோடு மட்டும் விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பொருத்தினேன். 13.8 வோல்ட்டில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்த, வெளி மின்சாரத்திலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருந்தது, ஏனெனில் லித்தியத்துக்கு 14.4 வோல்ட் அளவில் கொடுத்தால்தான் முழுமையாக நிறையும். உறைநிலைக்குக் கீழே இந்த பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. தஹோ ஏரிப் பக்கம் குளிர்காலத்தில் போகிறவர்கள் அதைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்க வேண்டும், அல்லது பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிகள் இரண்டையும் ஈயமாகவே விட்டுவிட்டேன். அவை குறையில்லாமல் இயங்குகின்றன.

அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கொண்டு புரோபேன் சுடரில் இயங்கிய பழைய குளிர்சாதனப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். அசையும் பாகமே இல்லாத அழகான ஏற்பாடு அது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வண்டி மட்டமாக நிற்காவிட்டால் சரியாக இயங்காது, குளிர அரை நாள் ஆகும், வெயிலில் தயிர் புளித்துவிடும். 12 வோல்ட் கம்ப்ரஸர் பெட்டி நாளொன்றுக்குச் சுமார் 65 ஆம்பியர்-மணி எடுக்கிறது. கூரைமேல் உள்ள 400 வாட் சூரியத் தகடுகள் கோடையில் அதை ஈடுகட்டிவிடுகின்றன. விளக்குகளையெல்லாம் எல்இடியாக மாற்றியது ஒரு மாலை வேலை. திரைச்சீலை, தரை விரிப்பு பற்றி எழுத ஒன்றுமில்லை.

டயர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். ஆறு டயர்களிலும் பட்டன் (தரையில் படும் பகுதியின் வரிகள்) ஆழமாகவே இருந்ததால் நல்லவை என்று நம்பி வாங்கினேன். மோட்டார் ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண்களில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2310 என்றால் 2010ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். எங்கள் டயர்களில் இரண்டு அப்படித்தான் இருந்தன, அதுவும் பின் அச்சின் உள்பக்கத்தில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில். ஆறும் புதிதாக மாற்ற 2,900 டாலர். பிறகு லாரிகள் எடை போடும் கேட் (CAT) ஸ்கேலில் தண்ணீர், டீசல், ஆட்கள் எல்லாவற்றோடும் நிறுத்தி, ஒவ்வொரு அச்சின் எடைக்கும் ஏற்ற காற்றழுத்தத்தை டயர் நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டேன். முன்பு இருந்ததைவிட முன்சக்கரங்களில் 10 பிஎஸ்ஐ குறைந்தது. ஸ்டீயரிங் அலைச்சலும் அதோடு போயிற்று.

எல்லாவற்றையும் நானே செய்துவிடவில்லை. ஏர் பிரேக்கில் நான் செய்வது டாங்குகளில் சேரும் நீரை வடிப்பதும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாற்றுவதும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பெடலை மிதித்துப் பிடித்து நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பதும் மட்டுமே. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் அடைபட்டிருக்கும் சுருள் ஆளைக் கொல்லக்கூடியது. அதைப் பிரிக்கும் வேலை பயிற்சி பெற்றவருடையது. புரோபேன் குழாய்ச் சோதனையும் அப்படியே. ஏர் சஸ்பென்ஷனையோ ஹைட்ராலிக் ஜாக்கையோ நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். காற்று இறங்கினால் வண்டி முழுவதும் கை அகலத்துக்குச் சட்டென்று உட்காரும். சட்டத்துக்கு அடியில் தாங்கிகள் நிறுத்திய பிறகே நான் உள்ளே போகிறேன்.

இன்னும் செய்யாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த 12 வால்வு எஞ்சினின் கியர் உறைக்குள் பொருத்துதலுக்காக வைத்த சிறு எஃகு ஆணி ஒன்று, அதிர்வில் மெல்ல நழுவி, டைமிங் கியர்களுக்குள் விழக்கூடும் என்பது இதை ஓட்டுபவர்கள் நன்கு அறிந்தது. ‘கில்லர் டவல் பின்’ என்றே அதற்குப் பெயர். ஒரு சிறு தகட்டை வைத்து அதைத் தடுத்துவிடலாம். ஆனால் அந்த உறை ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதால், எங்கள் வண்டியில் ஃபேனையும் ரேடியேட்டரையும் இறக்கிய பின்பே அதைத் தொட முடியும். தண்ணீர் பம்ப் மாற்றும் நாளில் இரண்டையும் ஒன்றாகச் செய்வதாக இருக்கிறேன். இவ்வகை வண்டியில் பாகத்தின் விலையைக் காட்டிலும் அந்தப் பாகத்தைச் சென்றடையும் வழிதான் செலவை நிர்ணயிக்கிறது. பக்கவாட்டில் ரேடியேட்டர் வைத்த வண்டி கிடைத்தால் கூடுதலாக 2,000 டாலர் கொடுத்தும் வாங்குவேன்.

வீட்டுப் பகுதியின் பாகங்கள் கிடைப்பது தனிக் கதை. 2009 மார்ச்சில் ஃப்ளீட்வுட், மொனாக்கோ ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் திவால் மனு கொடுத்தன; அந்தக் காலத்துக் கதவு, ஜன்னல் சட்டம், விளக்கு மூடி போன்றவை பலவும் இன்று பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் முற்றங்களில்தான் கிடைக்கின்றன. எங்கள் வெளிப்பெட்டிக் கதவின் தாழ்ப்பாள் ஒன்றுக்காக எட்டு மாதம் காத்திருந்தேன். மாறாக, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பிரேக்குக்கும் வேண்டியவை லாரி உதிரிபாகக் கடையில் அன்றே கிடைத்துவிடுகின்றன.

பராமரிப்பு இல்லாத நாளில் வண்டி எப்படி இருக்கிறது என்றால், சொகுசாக இருக்கிறது. எஞ்சின் வண்டியின் பின்கோடியில் இருப்பதால் ஓட்டுநர் இருக்கையில் காற்றொலி மட்டுமே கேட்கும். கேலனுக்கு 8 முதல் 9 மைல் கொடுக்கிறது. ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும். பின்னால் வருபவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

இதே போன்ற வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் கைவிளக்கும், ஏணியும், ஒரு சிறிய கண்ணாடியும் கொண்டுபோங்கள். உள்பக்க டயரின் எண்ணையும் எஞ்சின் பக்கத்து ரேடியேட்டரையும் அந்தக் கண்ணாடியில்தான் பார்க்க முடியும். கூரைமேல் ஏறுங்கள், அலமாரிகளின் மேல்மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், விற்பவரிடம் முந்தைய நாளே தொலைபேசியில் பேசி, நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் வணக்கம் சொல்லும் கையோடு எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதை அவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை.